சீமைக் கருவேலங்காட்டில் மினி டிராக்டர்: டயரைக் காத்து நிலம் திருத்தும் முறை

இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களின் மானாவாரிப் பகுதியில் நான்கைந்து ஆண்டுகள் உழாமல் போட்ட புஞ்சைக்குள் ஓர் ஆள் நிமிர்ந்து நடக்க முடியாது. சீமைக் கருவேலம் தலைக்கு மேல் கூரை கட்டியிருக்கும். அதன் அடியில் உடைமரம், இலந்தை, சூரை போன்ற முட்செடிகள் பின்னிக் கிடக்கும். வெளியூரிலோ வெளிநாட்டிலோ வேலை பார்த்துவிட்டுச் சொந்த நிலத்துக்குத் திரும்புகிறவர்கள் பலர் இப்போது 20 முதல் 28 குதிரைத் திறன் கொண்ட மினி டிராக்டரை வாங்கி, வாங்கிய வாரத்திலேயே இந்தக் காட்டுக்குள் இறக்கிவிடுகிறார்கள். முதல் நாளே பின் டயரில் காற்று இறங்குகிறது. மூன்றாம் நாள் பக்கவாட்டில் ஒரு கிழிசல் விழுந்து டயரே போய்விடுகிறது. அப்படி இழப்பு வராமல் இரண்டு மூன்று ஏக்கர் நிலத்தை நிதானமாகத் திருத்தி எடுக்க விரும்புகிற புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டயரைக் கெடுப்பது பெரும்பாலும் நிற்கிற மரம் அன்று. நாம் வெட்டிப்போட்டு வாராமல் விட்ட குச்சியும், வெட்டிய பிறகு தரையில் நிற்கிற அடிக்கட்டையும்தான். ஆகவே இந்த வேலை முழுவதும் ஓர் ஒழுங்கைச் சார்ந்தது: வாரிச் சுத்தம் செய்த மண்ணில் மட்டுமே ரப்பர் உருள வேண்டும். கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொரு படியும் இந்த ஒன்றைக் காப்பதற்காகவே இருக்கிறது.

முள்ளையும் டயரையும் தெரிந்துகொள்ளுதல்

சீமைக் கருவேலம் மெக்சிகோவுக்கும் மத்திய, தென் அமெரிக்காவுக்கும் உரிய மரம். 1870களில் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கடப்பைப் பகுதியில் விறகுத் தேவைக்காக வனத்துறையினர் இதை விதைத்து வளர்த்தனர். வேலிக்காத்தான் என்ற இதன் இன்னொரு பெயரே அது நம் ஊருக்குள் எந்த வேலைக்காக வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. கணுவுக்கு இரண்டாக முளைக்கும் இதன் முள் ஓர் அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலம் வரை இருக்கும். முதிர்ந்த மரத்தின் கிளையை விட, ஒருமுறை வெட்டிய தூரிலிருந்து வேகமாகக் கிளம்பும் விளாரில்தான் முள் நீளமாகவும் உறுதியாகவும் இருக்கிறது. எனவே ‘போன வருடம் வெட்டியதுதானே, சின்னச் செடிதான்’ என்று நினைத்து அதன் மேல் டிராக்டரை ஏற்றிவிடக் கூடாது. பச்சை முள் சில நேரம் வளைந்து கொடுக்கும்; வெட்டிப்போட்டுக் காய்ந்த முள் ஆணி மாதிரி நிற்கும்.

மினி டிராக்டரின் பின் டயர் பெரும்பாலும் டியூப் உள்ள டயர். மண்ணைப் பிடிக்கும் மேடுகள் தடிமனாக இருந்தாலும், இரண்டு மேடுகளுக்கு இடையிலான பள்ளத்தில் ரப்பர் அவ்வளவு தடிமனாக இராது. முள் நுழைவது அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான். நுழைந்தவுடனேயே அது டியூபைத் தொட்டுவிடுவதும் இல்லை. சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் சிறிது சிறிதாக உள்ளே ஏறி, இரண்டு நாள் கழித்து, நல்ல சாலையில் வீட்டுக்குத் திரும்பும்போதுகூடக் காற்றை இறக்கலாம். டயரின் பக்கவாட்டு இன்னும் மெல்லியது. அங்கே முள்ளைவிட அடிக்கட்டைக்குத்தான் அஞ்ச வேண்டும். சாய்வாக வெட்டப்பட்டுக் காய்ந்த தூர் ஈட்டி முனை போல நிற்கும். அது பக்கவாட்டில் குத்தினால் ஒட்டுப் போட இடமே இராது. மேற்புறத்தில் முள் குத்தினால் செலவு டியூபோடு நின்றுவிடும். பக்கவாட்டைக் கட்டை கிழித்தால் டயரையே மாற்ற வேண்டும்.

நடந்து பார்த்தல்

இயந்திரத்தை வெளியே எடுப்பதற்கு முன், நிலத்தைக் குறைந்தது இரண்டு முறை காலால் நடந்து பாருங்கள்; ஊர்ப் பெரியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கைவிடப்பட்ட கிணறுகளின் விளிம்பைச் சுற்றித்தான் சீமைக் கருவேலம் மிக அடர்த்தியாக வளர்கிறது. தரை மட்டத்தோடு இருக்கும் கிணற்றின் மேல் கிளைகள் கவிந்துவிட்டால் பத்தடி தூரத்தில் நின்றாலும் குழி இருப்பது தெரியாது. அந்த நிலத்தில் முன்பு ஏற்றம் இறைத்தவரோ ஆடு மேய்த்தவரோதான் ‘இந்த மூலையில் ஒரு பாழுங்கிணறு உண்டு’ என்று சொல்ல முடியும். மூடாமல் விட்ட ஆழ்துளைக் குழாய், எல்லைக்கல், பழைய முள்கம்பி வேலி, உடைந்த கல்தூண், தாழ்ந்து தொங்கும் மின்கம்பி ஆகிய எல்லாவற்றையும் கண்டு, அருகில் உயரமான கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட வேண்டும். கதண்டு என்னும் பெருங்குளவியின் கூடு இருக்கிறதா என்றும் அண்ணாந்து பாருங்கள். கூடு இருந்தால் அதை அகற்றத் தெரிந்தவர்கள் வந்து அகற்றும் வரை அந்தப் பக்கம் இயந்திரச் சத்தமே கேட்கக் கூடாது.

கண்மாய்க் கரை, ஓடைப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு போன்ற இடங்கள் உங்கள் நிலத்தை ஒட்டியிருந்தாலும் அங்கே நிற்கும் மரம் உங்களுடையது ஆகாது. எல்லையில் சந்தேகம் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு, தேவையானால் அளந்து கல் ஊன்றிக்கொண்ட பிறகு தொடங்குவதே நல்லது.

பருவத்தைப் பொறுத்தவரை, தை, மாசி மாதங்களை நான் தேர்ந்தெடுப்பேன். வடகிழக்குப் பருவமழை முடிந்து மேல்மண் இறுகியிருக்கும். ஒரு முழம் தோண்டினால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கும். டிராக்டர் புதையாது, தூரும் ஓரளவு எளிதாகப் பெயரும். கோடையில் காய் பழுத்து உதிர்வதற்கு முன்பே மரத்தை அகற்றிவிட்டால், மண்ணில் விழும் விதையும் ஒரு பருவத்து அளவு குறையும். கரிசல் நிலத்தில் மழை ஈரம் காய்வதற்கு முன் இறங்கக் கூடாது. சக்கரம் வழுக்கிச் சுழலும். அப்படிச் சுழலும் சக்கரத்துக்கு அடியில் ஒரு தூர் இருந்தால் அது ரப்பரை அறுத்துவிடும்.

டயரைத் தயார் செய்தல்

முதலில் காற்றழுத்தம். அழுத்தம் குறைவாக இருந்தால் டயர் பிடிப்புக் கொடுக்கும் என்பது உழவு வேலைக்குப் பொருந்தும். முள்காட்டிலோ காற்றுக் குறைந்த டயரின் பக்கவாட்டு வெளியே பிதுங்கித் தூருக்கு நேராக நிற்கும். அளவுக்கு மேல் காற்று ஏற்றினால் டயர் கல் போல இறுகி, முள்ளை வாங்கிக்கொள்ளும்; பிடிப்பும் குறையும். கையேட்டில் குறிப்பிட்ட வரம்பின் மேல் எல்லையை ஒட்டி, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது, அளவு காட்டும் கருவியை வைத்து அளந்து நிரப்புங்கள். காலால் உதைத்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

புது டயரோடு முதல் நாளே முள்காட்டுக்குள் போவதைத் தவிர்க்க முடியுமானால் தவிர்க்கலாம். சிலர் ஓரளவு தேய்ந்த பழைய டயர்களை இந்த வேலைக்கென்றே இரும்பு விளிம்போடு (ரிம்) வைத்திருந்து மாற்றிக்கொள்கிறார்கள். பள்ளத்தில் ரப்பர் மிகத் தேய்ந்து நூல் தெரிகிற டயர் இதற்கு உதவாது. வாங்கும்போதே தேர்வு செய்ய வாய்ப்பு இருந்தால், பிளை எண்ணிக்கை, அதாவது உள்ளே இருக்கும் நூல் அடுக்கின் கணக்கு, கூடிய டயரைக் கேட்டு வாங்குங்கள். டிராக்டரின் எடைக்கு அது தேவையில்லை என்று கடைக்காரர் சொல்லலாம். எடையைத் தாங்குவதற்காக அன்று, குத்துத் தாங்குவதற்காகவே அதை நாம் கேட்கிறோம்.

டயருக்கும் டியூபுக்கும் இடையில் பழைய டியூப் ஒன்றை நீளவாக்கில் வெட்டி விரித்து உறையாகப் போடும் பழக்கம் பஞ்சர் கடைகளில் உண்டு. அதை ஒழுங்காகச் செய்தால் பலன் தருகிறது. வெட்டு ஓரங்கள் மடியாமல், தடித்த விளிம்பு டியூபை அழுத்தாமல் படிய வைக்க வேண்டும். மடிப்பு விழுந்தால் அதுவே டியூபைத் தேய்த்து ஓட்டையாக்கிவிடும். டியூபுக்குள் ஊற்றும் பஞ்சர் தடுப்புத் திரவம் முள் போட்ட சிறு துளைகளை அடைக்கும். தூர் கிழித்ததை அடைக்காது. டயர் அளவுக்கு ஏற்ற அளவைப் புட்டியில் போட்டிருப்பார்கள். அதற்குக் குறைவாக ஊற்றினால் திரவம் அடியில் தேங்கி நிற்குமே தவிர, உட்புறம் முழுவதும் பரவாது. எடைக்காகப் பின் டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால் இந்த வேலைக்கு முன் அதை இறக்கிவிட்டு, சக்கரத்தில் பொருத்தும் இரும்பு எடையைப் போட்டுக்கொள்வது நல்லது. தண்ணீர் நிரம்பிய டயர் காட்டுக்கு நடுவில் பஞ்சரானால் அதைக் கழற்றி ஒட்டுவது இரு மடங்கு வேலை.

முன் சக்கரமும் பின் சக்கரமும் கூடியவரை ஒரே தடத்தில் போகும்படி பின் சக்கர இடைவெளியைச் சரிசெய்யுங்கள். முன் டயர் ஒரு கோட்டிலும் பின் டயர் வேறு கோட்டிலும் போனால் நான்கு கோடுகளில் முள் வாங்குகிறோம். டிராக்டரின் அடிவயிற்றையும் ஒருமுறை குனிந்து பாருங்கள். எண்ணெய் வடிகட்டி, பிரேக் கம்பி, ஹைட்ராலிக் குழாய், டியூப் வால்வு ஆகியவை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், வெல்டிங் பட்டறையில் ஒரு தகடு அடித்து மறைத்துக்கொள்ள வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால் நுண்வலை கட்டாயம் தேவை. கருவேல இலை மிகச் சிறியது. அது வலையில் படிந்து காற்றை அடைத்தால் இன்ஜின் சூடேறும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இன்ஜினை நிறுத்தி அதைத் தட்டிவிட வேண்டும்.

வெட்டுதல்: உயரமும் கோணமும்

இந்தப் படியில் டிராக்டருக்கு வேலை இல்லை. அது நிழலில் நிற்கட்டும். வெட்டுபவர்களுக்குத் தடித்த தோல் கையுறை, முழங்கால் வரையிலான காலணி, கண்ணாடி மூன்றும் வேண்டும். சீமைக் கருவேல முள் குத்தி உள்ளே முறிந்தால் வீக்கமும் வலியும் நாள்கணக்கில் நிற்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. டெட்டனஸ் தடுப்பூசி போட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புதருக்குள் கை விடுவதற்கு முன் நீண்ட கம்பால் தட்டி ஓசை எழுப்புவது கண்ணாடிவிரியன் போன்றவை விலகிப் போவதற்கு இடம் கொடுக்கும்.

அரிவாளால் வெட்டுகிறவர் இயல்பாகவே சாய்வாகத்தான் வெட்டுவார். அந்தச் சாய்வெட்டுதான் பின்னால் டயரைக் கிழிக்கிறது. ஆகவே வெட்டுவதற்கு முன்பே தெளிவாகப் பேசிக்கொள்ள வேண்டும். விரல் பருமனுக்கு உட்பட்ட கன்றுகளை வெட்டவே வேண்டாம். ஈரம் இருக்கும்போது மண்வெட்டியால் வேரோடு கொத்தி எடுக்கலாம். அதற்கு மேற்பட்ட எல்லாவற்றையும் இடுப்பு உயரத்துக்கு, அதாவது சுமார் மூன்றடி அடிமரத்தை விட்டு வெட்டச் சொல்லுங்கள். இப்படிச் செய்தால் தூர் கண்ணுக்குத் தெரியும்; யாரும் அறியாமல் அதன் மேல் ஏறிவிட மாட்டார்கள். பிறகு சங்கிலி கட்டி இழுப்பதற்குப் பிடியும் இருக்கும். தரையோடு ஒட்ட வெட்டிய நிலம் பார்வைக்குத் துப்புரவாகத் தெரியும். ஆனால் நான்கு அங்குல ஈட்டிகள் நூற்றுக்கணக்கில் புல்லுக்குள் ஒளிந்திருக்கும். டயருக்கு இதைவிடக் கொடிய நிலம் வேறில்லை.

வெட்டியதும் கிளைகளைக் கழித்து, கட்டை வேறாகவும் முள் வேறாகவும் பிரிக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். முதுகுளத்தூர், கமுதி, கடலாடிப் பக்கங்களில் கரிமூட்டம் போட்டு விறகைக் கரியாக்குகிறவர்கள் மரத்தைத் தாமே வெட்டி எடுத்துக்கொள்ள முன்வருவார்கள். அது இரு தரப்புக்கும் நன்மைதான். ஆனால் மூட்டத்துக்குத் தேவை கட்டை. கையளவு பருமனுக்குக் கீழே உள்ள கிளையும் சுள்ளியும் அங்கேயே கிடக்கும், முள் முழுவதும் அவற்றில்தான் இருக்கிறது. எனவே விலை பேசும்போதே, சுள்ளியையும் வாரி வரப்போரம் குவித்துக் கொடுக்க வேண்டும் என்பதைப் பேச்சில் சேர்த்துவிடுங்கள். அதற்காக விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதும் தகும். ஒரு டயரின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகை.

குவியலைத் தூக்கக் கவைக்கம்பு போதும். இரண்டு கவையால் இரண்டு பேர் இரு பக்கமும் கோத்து உருட்டினால், முள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பெரிய பந்து போல வரும்; தனித்தனியாகத் தூக்குவதைவிடக் குறைவாகவே சிதறும். குவியலை நிலத்தின் நடுவே போடாதீர்கள். நடுவில் போட்டுக் கொளுத்தினாலும், பாதி எரிந்த முள்ளும் கரி முனையும் அந்த இடத்தில் கிடந்து பின்னாள் உழவில் நிலம் முழுவதும் பரவும்.

டிராக்டர் உள்ளே வரும் முறை

இப்போது டிராக்டர் வரலாம். அது சாலையோரத்தில் உள்ள சுத்தமான முனையில் தொடங்கி, சுத்தமான நிலத்தை ஒவ்வொரு கீற்றாக அகலப்படுத்திக்கொண்டே போக வேண்டும். காட்டுக்குள் நேராக முகத்தை நுழைத்துப் பாதை போட்டுக்கொண்டு போவது தவறு. டிராக்டரின் பின்பக்கம் எப்போதும் காட்டைப் பார்க்கட்டும். முன்பக்கமும் நான்கு சக்கரமும் வாரிய மண்ணில் நிற்கட்டும்.

கவையால் வாரிய பிறகும் தரையில் உதிரி முள் கிடக்கும். அதை ஒதுக்க, பின்னால் பொருத்தும் மண் தள்ளும் பிளேடு மிக உதவியானது. பிளேடைத் திருப்பி மாட்டி, மிகக் குறைந்த கியரில் பின்னோக்கி வந்தால், டயர் வருவதற்கு முன் பிளேடு தரையைத் துடைத்துக்கொண்டு போகும். மேல்மண்ணை ஒரு விரலளவுக்கு மேல் சுரண்ட வேண்டாம். நல்ல மண் போய்விடும். பின்னோக்கித் தள்ளும்போது சுமை முழுவதும் இணைப்புத் தண்டுகளில் ஏறுவதால், தூரிலோ கல்லிலோ மோதினால் அவை வளைந்துவிடும். அதனால்தான் முன்பே தூரை உயரமாக விட்டு, துணி கட்டச் சொன்னேன். பிளேடு டிராக்டரின் வெளி அகலத்தைவிட இரு பக்கமும் சிறிதாவது நீண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் டயரின் வெளிப்பாதி துடைக்காத தரையில் உருளும். உதவிக்கு நிற்பவர் ஓட்டுநரின் கண்ணில் படும் இடத்தில், குறைந்தது முப்பதடி தள்ளி நின்று கைச்சைகை காட்ட வேண்டும்.

டிராக்டரின் பின்னால் இருக்கும் சுழல் தண்டான பிடிஓவில் ஓடும், செடியை வெட்டும் ஸ்லாஷரையும் அதைத் துண்டு துண்டாக்கும் மல்சரையும் பற்றிப் பலர் கேட்கிறார்கள். புல், ஆவாரை, எருக்கு, விரல் பருமனான செடிகள் நிறைந்த நிலத்தில் அவை நல்ல கருவிகள். சீமைக் கருவேலத்துக்கு ஸ்லாஷரை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓரிடத்தில் இருந்த முள்ளை அது நூறு துண்டாக்கி நிலமெங்கும் விதைக்கிறது. அடியில் பிளந்த தூரையும் விட்டுச் செல்கிறது. அடுத்த இரண்டு ஆண்டுக்கு உழவு ஓட்டுகிறவரும் வெறுங்காலோடு களை எடுக்க வரும் பெண்களும் அந்த விதைப்புக்கு விலை கொடுக்கிறார்கள். பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், தயாரிப்பாளர் சொன்ன தண்டுப் பருமனுக்கு உள்ளே, பின்னோக்கி ஓட்டி, சங்கிலித் திரை மாட்டி, சுற்றிலும் ஆள் இல்லாமல் ஓட்டுங்கள். முடிந்ததும் அந்தப் பரப்பை வாராமல் டயரை அதன் மேல் திருப்பாதீர்கள்.

ஓட்டும் விதத்திலும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை ஒடிக்கக் கூடாது. முன் டயர் தரையில் தேய்ந்து திரும்பும்போது அடியில் ஒரு முள் இருந்தாலும் அது நேராக உள்ளே ஏறும். திருப்பத்தை எப்போதும் முதல் நாள் சுத்தம் செய்த பரப்பில் அகலமாக எடுங்கள். சக்கரம் சுழலத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள்.

தூர் எடுத்தல்

சீமைக் கருவேலத்தை வெட்டினால் சாகாது. அடித்தண்டும் வேரும் சேரும் இடத்திலும், மண்ணுக்குச் சற்றுக் கீழேயும் உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. மழை கண்டதும் ஒரு தூருக்குப் பத்து விளார் கிளம்பும். தரைக்குக் கீழே ஓரடி ஆழம் வரை அடித்தூரை வெட்டி எடுத்தால்தான் திரும்பத் துளிர்க்காது. ஆணிவேர் எவ்வளவு ஆழம் போனாலும் அதைத் துரத்த வேண்டியதில்லை.

மினி டிராக்டருக்கு ஒரு வரம்பு உண்டு. மணிக்கட்டுப் பருமன் வரையிலான தூரை அது இழுக்கும். அதற்கு மேற்பட்டவற்றை ஒன்று சேர எண்ணி வைத்து, மண் அள்ளும் இயந்திரத்தை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து முடித்துவிடுவதே சிக்கனம். தூரைச் சுற்றி ஓரடி ஆழத்துக்குக் குழி பறித்து, பக்கவேர்களைக் கோடாரியால் வெட்டி, பிறகு இருபதடிச் சங்கிலியைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் அடிமரத்தில் சுற்றுங்கள். சங்கிலி நீளமாக இருப்பதால் டிராக்டர் துப்புரவான மண்ணிலேயே நின்று இழுக்க முடியும்.

மறுமுனையை டிராபாரில், அதாவது பின் அச்சுக்குக் கீழே இருக்கும் இழுவைக் கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும். டாப் லிங்க் என்னும் மேல் இணைப்புத் தண்டிலோ அச்சிலோ மாட்டினால், தூர் அசையாதபோது பின் சக்கரம் நிற்க, முன்பக்கம் மேலே எழும்பி, டிராக்டர் ஓட்டுநரின் மேலேயே கவிழ்ந்துவிடும். அது ஓரிரு நொடிக்குள் நடந்து முடிகிறது. கிளட்சை மிதிக்க நேரம் கிடைக்காது. சங்கிலியை முதலில் மெதுவாக இழுத்து இறுக்கிக்கொண்டு, பிறகு நேர்கோட்டில் ஒரே சீராக இழுக்க வேண்டும். தளர விட்டு வெடுக்கென்று பாய்வதும், பக்கவாட்டில் இழுப்பதும் கூடாது. நைலான் கயிறு வேண்டவே வேண்டாம். அது நீண்டு அறுந்தால் சாட்டை போலத் திரும்பி அடிக்கும். சங்கிலியும் அறுபடக் கூடியதுதான் என்பதால், அதன் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போர்த்திவிட்டு, எல்லோரும் சங்கிலியின் நீளத்தைவிட அதிகத் தொலைவில் விலகி நிற்க வேண்டும். கவிழ்ச்சிக் காப்புச் சட்டம் உள்ள டிராக்டரானால் அதை நிமிர்த்திப் பூட்டி, இருக்கைப் பட்டையும் அணிந்துகொள்ளுங்கள். இரண்டு முறை முயன்றும் தூர் அசையவில்லையென்றால், அது மண் அள்ளும் இயந்திரத்துக்கு உரிய தூர்.

தூர் வந்த குழியை அன்றே மூடிவிடுங்கள். மூடாத குழியில் முன் சக்கரம் இறங்கினால் டயரின் பக்கவாட்டு குழியின் விளிம்பில் நீட்டியிருக்கும் வேர் முனையில் உரசும்.

மாலைச் சோதனையும் பஞ்சரும்

அன்றாட வேலை முடிந்ததும் டிராக்டரைக் கழுவி, சாய்ந்த வெயில் இருக்கும்போதே நான்கு டயரையும் சுற்றிப் பார்க்க வேண்டும். நிமிர்ந்து நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. குந்தி உட்கார்ந்து, மேடுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தால், ரப்பரோடு ரப்பராக முறிந்து நிற்கும் முள்ளின் தலை, மிளகு அளவில் கறுப்பாகத் தட்டுப்படும். இன்னும் டியூபைத் தொடாத முள்ளை அன்றே சிறு குறடால் பிடுங்கிவிட்டால் அதோடு முடிந்தது. பாதி சுற்று பார்த்ததும் டிராக்டரைச் சிறிது நகர்த்தி, தரையோடு ஒட்டியிருந்த பகுதியையும் பார்க்க மறக்கக் கூடாது.

பஞ்சர் ஆகிவிட்டால் காற்றில்லாத டயரோடு ஓரடிகூட ஓட்டாதீர்கள்; ரிம் டியூபை நசுக்கிவிடும். கெட்டியான தரையில் பலகை வைத்து ஜாக்கி போட்டு, மற்ற சக்கரங்களுக்கு அண்டை கொடுத்த பிறகே கழற்ற வேண்டும். நான் இந்த வேலையைத் தொடங்கிய ஆண்டில், ஒரே பின் டயர் ஒரே வாரத்தில் மூன்று முறை காற்று இறங்கியது. ஒவ்வொரு முறையும் டியூபை ஒட்டி மாட்டினோம். மூன்றாம் முறை பஞ்சர் ஒட்டிய பெரியவர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்த்துவிட்டு, ‘தம்பி, துளை மூணும் ஒரே வரிசையில இருக்கு, குத்துறது ரோட்டுல இல்ல, உள்ள இருக்கு’ என்றார். பிறகு ஒரு பழைய பனியன் துணியைச் சுருட்டி டயரின் உட்புறம் முழுவதும் மெல்லத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நூல் ஒன்று மாட்டிக்கொண்டு இழுபட்டது. விளக்கு அடித்துப் பார்த்தும் கண்ணுக்குத் தெரியவில்லை. குறடால் உள்ளிருந்து பிடித்து இழுத்தபோது முக்கால் அங்குல முள் வந்தது. அன்றிலிருந்து துணியால் தடவாமல் எந்த டயருக்குள்ளும் நான் டியூப் வைப்பதில்லை. வெறுங்கையால் தடவ வேண்டாம்; துணி போதும், துணிதான் கையைவிட நன்றாகவும் கண்டுபிடிக்கிறது.

காட்டு வேலைக்குப் போகும்போது ஒரு மாற்று டியூப், டயர் கழற்றும் நெம்பு இரும்புகள், ஒட்டுப் போடும் பொருள்கள், காற்று அடிக்கும் கருவி, குறடு, சோப்புத் தண்ணீர் ஆகியவற்றை ஒரு பெட்டியில் கூடவே கொண்டு போங்கள். அருகில் உள்ள பஞ்சர் கடை ஐந்து கிலோமீட்டர் என்றாலும், கழற்றிய டிராக்டர் சக்கரத்தை அங்கே கொண்டு சேர்க்க வேறொரு வண்டி பிடிக்க வேண்டும்.

முதல் உழவும் அடுத்த மழையும்

தூர் எடுத்த நிலத்தை உடனே ரோட்டவேட்டரால் ஓட்ட வேண்டாம். அறுந்து கிடக்கும் வேர்கள் அதன் கத்தியில் சுற்றும், முள்ளும் மண்ணோடு கலந்து மறைந்துவிடும். முதலில் ஐந்து கொழுக் கலப்பையால் குறுக்கும் நெடுக்கும் ஓட்டி, மேலே வரும் வேரையும் குச்சியையும் ஆள் வைத்துப் பொறுக்குங்கள். கலப்பை பின்னால் வருவதால் முதல் சாலில் டயர் உழாத மண்ணில் போகும். அது முன்பே துடைத்த மண். ஆனால் இரண்டாம் சாலில் டயர் போவது, கலப்பை கிளறி மேலே போட்ட முள்ளின் மீது. எனவே பொறுக்கல் முடியாமல் குறுக்குச் சால் ஓட்டக் கூடாது. ஒரு மழை பெய்து மண் கழுவப்பட்டால் புதைந்திருந்த முள் மறுபடி வெளியே தெரியும். இன்னொரு முறை பொறுக்க அதுதான் நல்ல நேரம்.

அந்த மழையிலேயே விதையும் முளைக்கும். ஆடும் மாடும் சீமைக் கருவேலங்காயை விரும்பித் தின்னும். விதை செரிக்காமல் புழுக்கையிலும் சாணத்திலும் வெளிவந்து நன்றாக முளைக்கும். புதிதாகத் திருத்திய நிலத்தில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போட நினைத்தால், காய் உதிரும் மாதங்களில் போடாதீர்கள். மற்ற மாதங்களிலும் ஆடு எங்கே மேய்ந்து வருகிறது என்று கிடை போடும் ஆட்டுக்காரரான கீதாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முளைத்த கன்று கணுக்கால் உயரத்தில் இருக்கும்போது, மண் ஈரமாக இருக்கும் நாளில், இரண்டு விரலால் பிடுங்கினாலே வேரோடு வந்துவிடும். முழங்கால் உயரம் வந்துவிட்டால் மண்வெட்டி வேண்டும். ஓராண்டு விட்டால் மறுபடி அரிவாள், கவை, சங்கிலி, டயர் என்று எல்லாம் முதலிலிருந்து வரும். அதனால் முதல் இரண்டு ஆண்டும் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒரு நடை நிலத்தைச் சுற்றி வந்து, கண்ணில் படும் கன்றை எல்லாம் பிடுங்கி, வேர் மேலே தெரியும்படி வரப்பில் போடுங்கள்.